ரேடியோதெரபிக்கு முன் பல்லைப் பிடுங்குவதா, அடைப்பதா, அப்படியே விடுவதா?

நாக்கிலோ கன்னத்திலோ தொண்டையிலோ புற்றுநோய் என்று உறுதியான பிறகு மலேசியாவின் ஜொகூர் பாரு மருத்துவமனையில் கொடுக்கிற கடிதங்களில் ஒன்று பல் டாக்டருக்கு இருக்கும். “உயிருக்கே ஆபத்துன்னு சொல்றாங்க, இப்பப் போய் பல்லைக் காட்டச் சொல்றாங்களே அக்கா” என்று குளுவாங் கிளினிக்கில் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் டாக்டர் அல்ல. அரசாங்கப் பல் கிளினிக்கில் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தே பணி ஓய்வு பெற்றவள். இருந்தாலும் தோட்டத்திலிருந்தும் தாமான் என்கிற குடியிருப்புகளிலிருந்தும் தெரிந்தவர்கள் இன்னும் வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடலாமா? கெட்டதை மட்டும் எடுத்தால் போதுமா? அடைத்து வைத்துக்கொள்ள முடியுமா? இல்லை, முதலில் ரேடியேஷன் முடியட்டும், பல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிர் பலமாக விழப்போகிற இடத்தில் சந்தேகமான பல் இருந்தால் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். காப்பாற்றக்கூடிய பல்லைக் காப்பாற்ற வேண்டும். இரண்டுக்காகவும் புற்றுநோய் வைத்தியம் தள்ளிப்போகக் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அதனால்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதிர் பட்ட வாய்க்கு என்ன ஆகிறது

தலை, கழுத்துப் பகுதிக்குக் கொடுக்கும் கதிரின் மொத்த அளவு பெரும்பாலும் 60 முதல் 70 கிரே (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு 5 நாள் கொடுத்தால் 6 அல்லது 7 வாரம் ஆகும். கட்டியைக் கொல்லும் அதே கதிர், வழியில் இருக்கும் தாடை எலும்பின் மெல்லிய ரத்தக் குழாய்களையும் எலும்பைப் புதுப்பிக்கும் செல்களையும் கெடுக்கிறது. எலும்பு செத்துவிடாது. ஆனால் காயம் பட்டால் ஆற்றிக்கொள்ளும் சக்தி அதற்குக் குறைந்துவிடும். ரப்பர் பால் மரத்தில் அளவாகச் சீவிய பட்டை திரும்ப வளர்ந்து மூடிக்கொள்ளும், கத்தி கட்டைவரை இறங்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகவே நின்றுவிடும் என்பது வெட்டுக்காரர்களுக்குத் தெரியும். தாடையும் ஏறக்குறைய அப்படித்தான்.

பல்லைப் பிடுங்கினால் எலும்பில் ஒரு குழி விழுகிறது. சாதாரண வாயில் சில வாரங்களில் ஈறு அதை மூடிவிடும். கதிர் வாங்கிய தாடையில் சிலருக்கு அது மூடாமலே போகும். எலும்பு வெளியே தெரியும், சீழ் வரும், வலிக்கும். மூன்று மாதத்துக்கு மேலும் ஆறாமல் நின்றால் அதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர் வைப்பார்கள். முற்றினால் தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, காலிலிருந்து எலும்பு கொண்டுவந்து பொருத்தும் நிலைமைகூட வரலாம். மேல்தாடைக்குப் பல பக்கங்களிலிருந்து ரத்தம் வருகிறது. கீழ்த்தாடை பெரும்பாலும் உள்ளே ஓடும் ஒரே தமனியை நம்பி இருக்கிறது. அதனால் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதிதான் அதிகம் மாட்டிக்கொள்ளும். எலும்புக்கு 50 கிரேக்கு மேல் போனால் ஆபத்து ஏற ஆரம்பிக்கிறது. வருஷம் போகப் போக இது குறைந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வருஷம் கழித்துப் பிடுங்கிய பல்லாலும் வரலாம்.

எச்சிலும் வற்றும். காதுக்கு முன்னால் இருக்கும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி அளவு 26 கிரேக்குள் இருந்தால் பெரும்பாலும் அது தேறி வரும், அதைத் தாண்டினால் கஷ்டம். இப்போதைய ஐஎம்ஆர்டி முறை கதிரை வளைத்து வளைத்துக் கொடுத்து அந்தச் சுரப்பியைக் காப்பாற்றப் பார்க்கிறது. பிரிட்டனில் நடந்து 2011இல் வெளியான பார்ஸ்போர்ட் ஆய்வில், ஒரு வருஷம் கழித்து வாய் கடுமையாக வறண்டவர்கள் பழைய முறையில் 74 சதவீதம், ஐஎம்ஆர்டியில் 38 சதவீதம். பாதியாகக் குறைந்தது பெரிய விஷயம்தான். ஆனால் 38 என்பதும் சின்ன எண் இல்லை. எச்சில் இல்லாத வாயில் பல் சொத்தையாகிற விதமே வேறு. ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியைச் சுற்றி அரித்துக்கொண்டு போகும், கடிக்கும் நுனியிலும் வரும், சில மாதங்களிலேயே மேல்பகுதி ஒடிந்து வேர் மட்டும் நிற்கும். இன்றைக்குப் பளபளவென்று இருக்கும் பல்லுக்கு அடுத்த தீபாவளி வரை உத்தரவாதம் இல்லை.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம்தான் அதிகம், வெற்றிலை பாக்கு புகையிலைப் பழக்கம் அதற்குப் பெரிய காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் அறிவித்துவிட்டது. வருஷக்கணக்கில் பாக்கு மென்றவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் இறுகி, வாய் ஏற்கெனவே சரியாகத் திறக்காது. அதன் மேல் மெல்லும் தசைகளில் கதிர் பட்டால் இன்னும் இறுகும். 35 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால், கடைவாய்ப் பல்லை அடைக்கவும் ரூட் கேனல் செய்யவும் கருவியை உள்ளே கொண்டுபோக இடம் இருக்காது. கூண்டுக்குள் கை விடுவது போன்ற அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆகவே கதிருக்கு முந்தைய சில வாரங்கள்தான் சிலருடைய கடைவாயை டாக்டர் ஒழுங்காக எட்டித் தொடக்கூடிய கடைசி வாய்ப்பு. பாக்குப் போட்டவர் என்றால் பின்பக்கப் பல் விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருப்பேன்.

எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவது

ஒரு காலத்தில் இதுதான் வழக்கம். எலும்பில் பிற்பாடு காயமே வேண்டாம், இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று செய்தார்கள். வீட்டுப் பெரியவர்கள் இப்போதும் இதையே சொல்வார்கள்: “ஒரேயடியா எடுத்துட்டா நிம்மதி.”

நிம்மதி அவ்வளவு இல்லை. பல் செட் மேல் அண்ணத்தில் ஒட்டி நிற்பதே எச்சிலின் தயவால்தான். வறண்ட வாயில் அது நிற்காது, உரசும், புண்ணாக்கும். அந்தப் புண்ணே எலும்பு வெளியே தெரிய ஒரு காரணமாகலாம். பல்லே இல்லாதவருக்கும் தாடை எலும்பு கெடுவதுண்டு. ரேடியேஷன் முடிந்து பல மாதங்கள், ஈறு முழுக்கத் தேறும் வரை, செட் கட்டக் கூடாது என்பார்கள். அதுவரை கஞ்சியும் மசித்த சோறும்தான். ஏற்கெனவே எடை குறைந்துகொண்டிருக்கும் நோயாளிக்கு இது லேசான விஷயம் இல்லை. நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கினால் எலும்பு கெடுவது குறையும் என்பதற்கு நல்ல ஆதாரமும் கிடையாது. எத்தனை குழியோ அத்தனை காயம், ஒன்று ஆறாவிட்டாலும் கதிர் தொடங்கும் தேதி தள்ளும்.

இருந்தாலும் இதுவே சரியான முடிவாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஈறு நோய் முற்றி எல்லாப் பல்லும் ஆடுகிறவர்கள், வாயில் வேர்த்துண்டுகள்தான் அதிகம் என்கிறவர்கள். பிறகு, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு ஜெல்லைத் தினமும் டிரேயில் தடவிப் பல்லில் மாட்டுவதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்கு வருவதும் நடக்கவே நடக்காது என்று தெரிந்தவர்கள். கடைசி வகையைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. தோட்டத்துக்குள்ளே தனியாக இருக்கிற, காரோ கூட்டிப்போக ஆளோ இல்லாத ஒரு தாத்தாவுக்கு, பத்துப் பல்லைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, “தினமும் ராத்திரி டிரே வையுங்க” என்று சொல்லி அனுப்புவது காகிதத்தில் மட்டும் நல்ல வைத்தியம். அந்தப் பத்தும் இரண்டு வருஷத்தில் கதிர் பட்ட எலும்புக்குள் பத்து அழுகிய வேர்களாக நிற்கும். டாக்டர் நாசூக்காகக் கேட்கும்போது “எல்லாம் செய்வார் டாக்டர்” என்று மகன் சொல்லிவிடாமல், உள்ளதைச் சொல்ல வேண்டும்.

சந்தேகமானதை மட்டும் எடுப்பது

பெரும்பாலோருக்கு முடிவு இங்கேதான் வந்து நிற்கும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் வாய் முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே. பிறகு எடுக்க வேண்டியவற்றைக் குறிப்பார்கள்: அடைக்க முடியாத அளவு சொத்தை, வேர் நுனியில் சீழ், ஆழமான ஈறுப் பை, ஆட்டம் கண்ட பல், கடைவாய்ப் பல்லின் வேர்கள் பிரியும் இடம் வரை எலும்பு கரைந்தது, பாதி முளைத்து அடிக்கடி வீங்கும் ஞானப்பல், பழைய வேர்த்துண்டு. எலும்புக்குள்ளேயே முழுசாகப் புதைந்து சும்மா கிடக்கும் ஞானப்பல்லைப் பெரும்பாலும் தொட மாட்டார்கள். அதைத் தோண்டினால் பெரிய காயம், ஆற நாளாகும்.

ஒரே மாதிரி சொத்தை மேல் முன்பல்லில் இருந்தால் அடைக்கலாம், கீழ்க் கடைவாயில் இருந்தால் பிடுங்கலாம். இடம்தான் முடிவு செய்கிறது. அதனால் பல் டாக்டரிடம் போகும்முன் ரேடியோதெரபி டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்: கதிர் எந்தத் தாடையில், எந்தப் பக்கம், சுமாராக எவ்வளவு விழும்? நாக்கு, கன்னப் புற்றுநோய் என்றால் கீழ்த்தாடைக்கு நிறைய போகும். மூக்கின் பின்பக்கத்தில் வருவதற்கு உமிழ்நீர்ச் சுரப்பிகளும் பின்பக்கப் பற்களும் தாடை மூட்டும் அகப்படும். ஒரு பக்க டான்சில் என்றால் பல நேரம் அந்தப் பக்கம் மட்டும். குரல்வளையில் ஆரம்பக் கட்டம் என்றால் பற்கள் கதிரின் வழியிலேயே இருக்காது. அவருக்குப் பல்லைப் பிடுங்க அவசரமே இல்லை, வழக்கமான கவனிப்புப் போதும். இதைக் கேட்காமல் “கேன்சர்” என்ற ஒரு சொல்லுக்குப் பயந்து பல்லை இழக்க வேண்டாம்.

அடுத்தது நாள் கணக்கு. பிடுங்கிய குழி ஆற, கதிர் தொடங்கும்முன் குறைந்தது 2 வாரம் வேண்டும். 3 வாரம் கிடைத்தால் நல்லது. நீரிழிவு கட்டுக்கடங்காமல் இருந்தால் ஆறுவது மெதுவாகும், நம் ஆட்களில் அது இல்லாதவரைத் தேட வேண்டும். சர்க்கரை அளவையும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூரான எலும்பு முனைகளைத் தேய்த்து, ஈறை இழுத்துத் தையல் போட்டு மூடினால் சீக்கிரம் ஆறும். “பல்லை எடுத்தாச்சு, போங்க” என்று அனுப்புகிற சாதாரணப் பிடுங்கல் இது இல்லை.

ஆனால் இந்த 2 வாரம் எங்கிருந்து வருகிறது? அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கதிர் கொடுப்பதென்றால் 6 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பது மருத்துவ வழிகாட்டுதல். அதற்குள் பல்லுக்கும் நேரம் வேண்டும். இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் ஒரு வழி இருக்கிறது. நாக்கு, கன்னம், ஈறு என்று வாய்க்குள் வரும் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் முதலில் அறுவைச் சிகிச்சைதான். அதே மயக்கத்தில், அதே மேசையில், எடுக்க வேண்டிய பற்களையும் எடுத்துவிடலாம். அறுவைக் காயம் ஆறும்போதே பல் குழியும் ஆறிவிடும், தனியாக நாள் ஒதுக்க வேண்டியதில்லை. ஆகவே பல் பரிசோதனை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே நடக்க வேண்டும். “ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் பல்லு” என்று குடும்பம் நினைத்தால் இந்த வசதி கை நழுவிப் போகும்.

மூக்கின் பின்பக்கம், தொண்டை போன்ற இடங்களில் கதிரே முதல் வைத்தியம். அங்கே ஒவ்வொரு நாளும் முக்கியம். கட்டி வேகமாக வளர்கிறது, மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் பல்லைக் காத்திருக்க வைத்துவிட்டுக் கதிரைத் தொடங்குவார்கள். அது சரியும்கூட. பல்லால் வரும் தொல்லையைப் பிறகு சமாளிக்கலாம், விட்டுப்போன கட்டியை அப்படிச் சமாளிக்க முடியாது.

இன்னொன்று, மாஸ்க். கதிர் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில் விழ வேண்டும் என்பதற்காக, சுடுநீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி ஒரு மாஸ்க் செய்வார்கள். அதை மாட்டிக்கொண்டே சிடி ஸ்கேன் எடுத்து, அந்தப் படத்தை வைத்துத்தான் முழுத் திட்டமும் போடுவார்கள். மாஸ்க் செய்யும் நாளில் பல் பிடுங்கிய வீக்கம் இருந்தால், வீக்கம் வற்றியதும் மாஸ்க் தொளதொளக்கும். மாஸ்க் செய்த பிறகு பிடுங்கினால் கன்னம் வீங்கி மாஸ்க் இறுக்கும், திரும்ப ஸ்கேன் எடுக்கும்படி ஆகலாம். நாக்கை ஒதுக்கி வைக்க வாய்க்குள் கடித்துக்கொள்ளும் கட்டை கொடுத்திருந்தால், அது பல்லைப் பிடித்துத்தான் நிற்கிறது. நடுவில் பல் போனால் கட்டையும் பொருந்தாது. ஆகவே எடுக்க வேண்டிய பல்லை எடுத்து, வீக்கம் வற்றி, அப்புறம் மாஸ்க் என்பதே வரிசை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஈறில் இருக்கும் கட்டியே பல்லை ஆட வைத்திருக்கலாம். அந்தப் பல்லை ஏதோ ஒரு கிளினிக்கில் சாதாரணமாகப் பிடுங்கிவிடக் கூடாது. ஆறாத புண்ணுக்கு நடுவில் ஆடும் பல் என்றால் முதலில் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும்.

அடைத்து வைத்துக்கொள்வது

சொத்தை ஆழமில்லை, ஈறு உறுதி, நோயாளிக்கும் அக்கறை உண்டு என்றால் நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். சொந்தப் பல்லால் மெல்லுவதற்கு இணையான எதையும் கிளினிக்கில் செய்து கொடுக்க முடியாது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை ஃப்ளூரைடு. பல்லின் அச்சு எடுத்து மெல்லிய பிளாஸ்டிக் டிரே செய்து தருவார்கள். தினமும் இரவு பல் துலக்கிய பிறகு அதில் 1.1 சதவீத நியூட்ரல் சோடியம் ஃப்ளூரைடு ஜெல் தடவி 5 நிமிடம் மாட்டிக்கொண்டு, துப்பிவிட்டு, அரை மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டும். டிரே ஒத்துக்கொள்ளாவிட்டால் 5,000 பிபிஎம் ஃப்ளூரைடு உள்ள பற்பசை உண்டு. கடையில் வாங்கும் சாதாரணப் பசையில் 1,000 முதல் 1,500 வரைதான். இது ரேடியேஷன் முடிகிற வரை அல்ல, ஆயுள் முழுவதும். ஜெல் தீர்ந்த மாதமே விட்டுவிட்டால், பல்லை வைத்துக்கொண்ட முடிவே தவறாகிவிடும். அதனால்தான் மேலே அந்தத் தாத்தாவைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

நேரம் குறைவாக இருக்கும்போது கேப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் என்று யாராவது அழகு வேலைக்குப் பட்டியல் போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சொத்தையைச் சுத்தம் செய்து அடைப்பு, தேவைப்பட்டால் ரூட் கேனல், நாக்கைக் குத்தும் கூர் முனையைத் தேய்ப்பது, அழுக்கு நீக்குவது. அவ்வளவு போதும்.

“வாயில் இரும்பு இருக்கே, கதிர் பட்டால் என்ன ஆகும்?” என்றும் கேட்பார்கள். அமல்கம் எனும் சாம்பல் நிற அடைப்பும் உலோகக் கேப்பும் சிடி படத்தில் வெள்ளைக் கோடுகளாகச் சிதறி, சுற்றியுள்ள சதையை மறைக்கும். திட்டம் போடுகிறவர்கள் அதைச் சரிக்கட்டிக்கொள்வார்கள். கதிர் படும்போது உலோகத்தின் மேற்பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் தெறித்து, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கன்னத்திலும் நாக்கிலும் கூடுதல் புண் உண்டாக்கும். ஆனால் அதன் வீச்சு சில மில்லிமீட்டர்தான். பல்லின் மேல் மாட்டும் மென்மையான உறை ஒன்று இடைவெளி கொடுத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகவே நன்றாக இருக்கும் பழைய அடைப்புகளை எல்லாம் தோண்டி மாற்றப் பணமும் நாளும் செலவழிக்க வேண்டாம். பல் கம்பி போட்டிருந்தால் அதை மட்டும் கழற்றிவிட வேண்டும். கழற்றி மாட்டும் செட்டைக் கதிரின்போது வெளியே வைத்துவிட வேண்டும்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

பயத்தாலும் அவசரத்தாலும் பலர் எடுக்கும் முடிவு இது. முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன், கட்டி அவசரம் என்றால் வேறு வழி இல்லை என்று மேலேயே சொன்னேன். ஆனால் அவசரம் இல்லாதபோது இதைத் தேர்ந்தெடுப்பது கடன் வாங்குவதற்குச் சமம்.

முதல் ஆபத்து சிகிச்சையின் நடுவிலேயே வரும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வாய் முழுக்கப் புண்ணாகிவிடும். கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்தால் வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்தில் ஒரு கடைவாய்ப் பல் சீழ் பிடித்தால், பிடுங்கவும் முடியாது, விடவும் முடியாது. பல்லைத் திறந்து சீழை வடித்து, ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஓட்ட வேண்டும். காய்ச்சல் வந்து கதிர் சில நாள் நின்றால் அதற்கு விலை உண்டு. மொத்தச் சிகிச்சை ஒரு நாள் நீண்டால் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது இத்துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. புற்றுநோய் செல்கள் சிகிச்சையின் பிற்பகுதியில் வேகமாகப் பெருகப் பார்ப்பதே காரணம்.

இரண்டாவது, பிறகு பிடுங்க நேர்ந்தால் வரும் ஆபத்து. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்கின்படி, கதிர் பட்டவர்களுக்குப் பல் பிடுங்கியதில் எலும்பு கெட்டது ஏறத்தாழ 7 சதவீதம். அதாவது பெரும்பாலோருக்கு ஆறிவிடுகிறது. ஏற்கெனவே கதிர் வாங்கியவர்கள் இதைப் படித்து நடுங்க வேண்டாம். ஆனால் கீழ்க் கடைவாயில் அதிக அளவு கதிர் பட்டவர் அந்தச் சராசரிக்கு மேலே நிற்கிறார்.

ஏற்கெனவே கதிர் வாங்கியவர்களுக்குப் பிடுங்குவதைவிட நல்ல வழிகள் உண்டு. ரூட் கேனல் செய்து, ஒடிந்த மேல்பகுதியை ஈறு மட்டத்தில் மழித்துவிட்டு வேரை உள்ளேயே விட்டுவைப்பது ஒன்று. எலும்பில் காயமே இல்லை. வாய் திறக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிடுங்கியே ஆக வேண்டும் என்றால் மருத்துவமனையில், வாய் அறுவை நிபுணரிடம், ஆன்டிபயாட்டிக் பாதுகாப்போடு, ஒரு தடவைக்குச் சில பற்கள் மட்டும்.

அழுத்தமான ஆக்சிஜன் அறையில் உட்காரும் வைத்தியத்தைப் பற்றிச் சிலர் கேட்டுவிட்டு வருகிறார்கள். 1985இல் அமெரிக்காவில் வெளியான சின்ன ஆய்வு ஒன்றில், பிடுங்கும் முன்னும் பின்னும் ஆக்சிஜன் எடுத்தவர்களில் 5.4 சதவீதத்துக்கும், பெனிசிலின் மட்டும் எடுத்தவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கும் எலும்பு கெட்டது. குழுவுக்கு 37 பேர்தான். ஆனாலும் அதை நம்பியே பல வருஷம் ஓடியது. இதையே சோதித்து 2019இல் வெளியான ஹோபான் ஆய்வில் எலும்பு கெட்டது, ஆக்சிஜன் எடுத்தவர்கள் 6.4 சதவீதம், எடுக்காதவர்கள் 5.7 சதவீதம், வித்தியாசமே இல்லை. நம் நாட்டில் இந்த அறைக்குப் பெயர் பெற்றது லுமுட் இராணுவ மருத்துவமனை. முன்னால் 20 தடவை, பின்னால் 10 தடவை என்ற பழைய முறைப்படி குளுவாங்கிலிருந்து பேராக் வரை போய்த் தங்குவதற்கு, வெறும் முன்னெச்சரிக்கை என்ற ஒரு காரணம் எனக்குப் போதவில்லை.

எங்கே செய்வது

ரெயில்வே ஸ்டேஷன் பக்கமோ பாசார் பக்கமோ இருக்கும் தனியார் கிளினிக்கில் அன்றைக்கே வேலை முடியும். அந்த வேகம் சில நேரம் உண்மையிலேயே தேவைப்படும். அரசாங்கப் பல் கிளினிக்கில் செலவு மிகக் குறைவு, வரிசை நீளம். ஆனால் ரேடியோதெரபி தொடங்கும் தேதி போட்ட கடிதத்தைக் கவுன்டரிலேயே காட்டினால் வரிசை சுருங்கும். கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

என் யோசனை, வேலையைப் பிரித்துக்கொள்வது. பிடுங்குவதை மருத்துவமனையின் வாய் அறுவைப் பிரிவில் வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் டாக்டரும் அவர்களும் தேதி பேசிக்கொள்ள வசதி. அடைப்பு, சுத்தம், டிரே, பிறகு ஆயுள் முழுக்க வரப்போகிற பரிசோதனை எல்லாம் குளுவாங்கிலேயே இருக்கட்டும். ஜொகூர் பாருவின் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு இங்கிருந்து சிம்பாங் ரெங்கம் வழியாக ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கதிருக்கே வாரம் 5 நாள் அங்கே இருக்க வேண்டும், பல் சுத்தத்துக்கும் அவ்வளவு தூரம் என்றால் யாரும் போக மாட்டார்கள். செலவு இடித்தால், தகுதி உள்ளவர்களுக்கு, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் உண்டு. மருத்துவமனைச் சமூகநலப் பிரிவில் முதல் வாரமே கேளுங்கள்.

சிகிச்சை முடிந்து கிளம்பும் நாளில், எந்தத் தாடைக்கு எவ்வளவு கிரே போனது என்ற சுருக்கத்தை எழுதிக் கேட்டு வாங்குங்கள். அதன் நகல் ஒன்று பல் கிளினிக் அட்டையோடு இருக்கட்டும், இன்னொன்று அடையாள அட்டை வைக்கும் பர்ஸில். ஐந்து வருஷம் கழித்துப் பல்வலியோடு மகன் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் போய் உட்கார்ந்தால், அங்கே இருக்கும் இளம் டாக்டருக்கு இவருடைய கதை தெரியாது. ஊசி போடும்முன் அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்ட வேண்டியது நோயாளியின் வேலை.